மூடுபனிக் காலையில் நிலக்காட்சிப் படம்: முதல் நாள் மாலையிலிருந்து வீடு திரும்பும் வரை

குளிர்காலக் காலையில் வெளியே எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடப்பதைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்களோடுதான் திரும்புகிறார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு, அதன் நடுவில் எங்கோ ஒரு மரத்தின் சாயல். நேரில் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. திரையில் அதில் ஒன்றையும் காணோம்.

புதியவர்களோடு பல பனிக்காலைகளில் நடந்திருக்கிறேன். கேமராவின் விலையோ லென்ஸின் தரமோ அவர்களைத் தடுத்ததாக நினைவில்லை. வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததுதான் தடுத்தது. வந்து நின்றதும் முதல் படம், பிறகு இடம் தேடல், பிறகு அமைப்புகளைத் திருத்தல் என்று போனால், எல்லாம் சரியாகும் நேரத்தில் பனி கலைந்திருக்கும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். கேமராவை அடிப்படையாகக் கையாளத் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன்.

1. தெளிவான நாளில் இடத்தைப் பார்த்து வையுங்கள்

பனி இறங்கியபின் இடம் தேட முடியாது. 80 மீட்டருக்கு அப்பால் இருப்பது கண்ணுக்கே தெரியாதபோது, நல்ல மரம் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஆகவே ஒரு வாரம் முன்பாவது வெயிலில் போய் நடந்து பாருங்கள்.

தேட வேண்டியது அழகான இடத்தை என்று நினைக்க வேண்டாம். வடிவம் தெளிவான பொருட்களைத் தேடுங்கள். தனியாக நிற்கும் மரம், வளைந்து போகும் பாதை, வேலிக்கம்புகளின் வரிசை, நீருக்குள் நீளும் மரப்பலகை மேடை. தெளிந்த வெயிலில் பின்னணியின் இரைச்சலில் தொலைந்துபோகும் பொருட்கள்தான் பனியில் எழுந்து நிற்கும். பின்னால் மின்கம்பமும் கட்டடமும் இருப்பதால் யாருமே எடுக்காத ஒரு மரம் உங்கள் வழியில் இருந்தால், அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பதையெல்லாம் பனி துடைத்துவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: நிற்கும் இடத்திலிருந்து அது எத்தனை அடி நடை, சூரியன் எந்தப் பக்கம் எழும், அங்கே போகும் தரையில் பள்ளம் அல்லது நீர் இருக்கிறதா. மூன்றாவதை அலட்சியப்படுத்தாதீர்கள். இருட்டும் பனியும் சேர்ந்த நேரத்தில் அங்கே நடக்கப் போவது நீங்கள்தான்.

2. எந்த இரவில் பனி இறங்கும் என்று கணியுங்கள்

குளிர்காலத்தில் நிலத்தின் மேல் படியும் மூடுபனிக்கு நான்கு காரணங்கள் கூடி வர வேண்டும். மேகமில்லாத வானம், நீண்ட இரவு, ஈரமான தரை, மெல்லிய காற்று. மேகம் போர்வை போல வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். அது இல்லாதபோது தரை வேகமாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர வைக்கும். காற்றில் உள்ள ஈரம் நுண்துளிகளாக மாறும்.

வானிலைச் செயலியில் பலர் மழைக்குறியை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வெப்பநிலையும் பனிநிலை வெப்பமும் (Dew point: காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை). அதிகாலைக்குச் சொல்லப்படும் இந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸுக்குள் நெருங்கி வந்தால் நம்பிக்கை வைக்கலாம். முதல் நாள் மழை பெய்து, மாலையில் வானம் வெளுத்தால் இன்னும் நல்லது.

காற்று பலமாக அடித்தால் மேலே உள்ள வறண்ட காற்று கலந்து பனி நிற்காது. அதற்காகக் காற்றே அசையாத இரவும் உகந்ததல்ல. அப்போது ஈரமெல்லாம் புல்லில் பனித்துளியாகப் படிந்து முடிந்துவிடும். மணிக்கு 3 முதல் 8 கிலோமீட்டர் என்ற அளவில் லேசான அசைவு இருந்தால் பனி நன்றாகத் தடிக்கும்.

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால் ஆற்றோரமும் பள்ளத்தாக்கும் முதலில் நிரம்பும். அருகில் குன்று இருந்தால் இரண்டு திட்டங்கள் வைத்திருங்கள்: பனிக்குள் நின்று எடுப்பது, பனிக்கு மேலே ஏறி அந்த வெண்கடலைப் பார்த்து எடுப்பது. எது கைகூடும் என்பது காலையில்தான் தெரியும்.

3. பையை முதல் நாள் மாலையே கட்டுங்கள்

விடிவதற்கு முன் தூக்கக் கலக்கத்தில் கட்டும் பையில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் டிரைபாடின் மேல்தட்டுதான். கேமராவின் அடியில் பொருத்தும் அந்தச் சிறிய தகடு இல்லாவிட்டால் டிரைபாட் வெறும் சுமை. மாலையிலேயே கேமராவில் பொருத்திவிடுங்கள்.

பேட்டரி இரண்டாவது வேண்டும். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும். கூடுதல் பேட்டரியைப் பையில் போடாமல் சட்டையின் உள்பாக்கெட்டில், உடல்சூடு படும்படி வையுங்கள். தீர்ந்துவிட்டது என்று காட்டும் பேட்டரியையும் அங்கே வைத்துச் சூடேற்றினால் இன்னும் சில படங்களுக்கு உயிர் கொடுக்கும்.

மைக்ரோஃபைபர் துணி மூன்றோ நான்கோ. ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் அரை மணி நேரத்தில் ஈரத்துணியால் ஈரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். லென்ஸ் ஹூட் கட்டாயம். கேமரா முழுதாக உள்ளே போகுமளவு பெரிய, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்றும் வேண்டும். இதன் பயன் 10ஆம் பகுதியில் வருகிறது.

சென்சாரில் தூசி இருக்கிறதா என்றும் மாலையிலேயே பாருங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். இலைகளும் கற்களும் நிறைந்த படத்தில் தூசி ஒளிந்துகொள்ளும். மூடுபனியின் வழவழப்பான பரப்பில் ஒவ்வொரு புள்ளியும் துருத்திக்கொண்டு நிற்கும்.

தலையில் கட்டும் விளக்கு, பளிச்சென்ற நிறத்தில் மேலாடை, நீர் புகாத காலணி, விரல்நுனி திறக்கும் கையுறை. இவை போதும்.

4. இருட்டோடு போய்ச் சேருங்கள்

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இடத்தில் இருங்கள். சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே வந்ததும் சுற்றிலும் நீலம் படரும். பனி அந்த நீலத்தை வாங்கிக்கொண்டு தானே ஒளிர்வதுபோல இருக்கும் அந்த இருபது, முப்பது நிமிடம் திரும்ப வராது.

வண்டியில் போனால் முன்விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்திய ஒளி பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி, எதிரில் வெள்ளைச் சுவரை எழுப்பும். பாதையோரத்தில் நிறுத்தும்போது சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள். சாலை நடுவில் டிரைபாட் வைத்து எடுக்கும் படத்துக்கு ஆசைப்படவே வேண்டாம். உங்களுக்கு வண்டி தெரியும்போது, வண்டிக்காரருக்கு உங்களைப் பார்த்து நிறுத்த நேரம் இருக்காது.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி ஃபோனில் இறக்கி வையுங்கள். பழகிய வயல்வெளியிலும் பனிக்குள் திசை தவறும்.

5. கேமராவை எடுக்காமல் பத்து நிமிடம் நடங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். மூடுபனியில் முதல் கேள்வி "எதை எடுப்பது?" என்று இருக்கக் கூடாது. "அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். உங்களுக்கும் மரத்துக்கும் இடையே உள்ள ஒவ்வொரு மீட்டர் காற்றிலும் நீர்த்துளிகள் மிதக்கின்றன. அவை மரத்திலிருந்து வரும் ஒளியைச் சிதறடிக்கும்; சுற்றியுள்ள வெள்ளொளியையும் நடுவில் கலந்துவிடும். தூரம் கூடக் கூட மரத்தின் கருமை வெளுத்து, கடைசியில் பின்னணியோடு ஒன்றாகிவிடும். பகல் வெயிலில் ஐந்து அடி முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் படம் பெரிதாக மாறாது. பனியில் அதே ஐந்து அடியில் படம் பிழைக்கவும் செய்யும், சாகவும் செய்யும்.

முதலில் பார்வைத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்தபடியே அடிகளை எண்ணிப் பின்னோக்கி வாருங்கள். அது முற்றிலும் மறையும் இடம்தான் இன்றைய எல்லை. என் கணக்கு இது: முக்கியப் பொருள் அந்த எல்லையில் நாலில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் இருக்க வேண்டும். எல்லை 100 மீட்டர் என்றால் 25 முதல் 50 மீட்டருக்குள். அதைவிடக் கிட்டே போனால் பனியே தெரியாது, சாதாரண மேகமூட்ட நாளின் படம்போல் இருக்கும். அதைத் தாண்டிப் போனால் சாயல் மட்டும் மிஞ்சும்.

ஒருமுறை என்னோடு வந்த ஒரு தம்பி ஒரே ஆலமரத்தை ஒரே இடத்தில் நின்று நாற்பது படங்கள் எடுத்திருந்தார். எல்லாவற்றிலும் மரம் புகைபோல இருந்தது. லென்ஸை மாற்றினார், அமைப்புகளை மாற்றினார், எரிச்சலில் டிரைபாடையும் மாற்றி வைத்தார். "தம்பி, எதையும் தொடாதீங்க, அப்படியே மரத்தைப் பார்த்து இருபது அடி நடங்க" என்றேன். நடந்தார். பன்னிரண்டாவது அடியில் தானாகவே நின்றார். அடிமரத்தின் கருமை, தொங்கும் விழுதுகள், விழுதுகளுக்கு நடுவே வெளிறிய இடைவெளி எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. அன்று அவருக்குக் கிடைத்த நல்ல படம் நாற்பத்தொன்றாவது.

ஒரு பொருளுக்குப் பதில் மூன்று அடுக்குகள் கிடைத்தால் இன்னும் சிறப்பு. கிட்டே கருமையாக ஒரு புதர், நடுத்தூரத்தில் சாம்பலாக ஒரு மரம், தூரத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஐயப்பட வைக்கும் ஒரு மரவரிசை. தட்டையான படத்துக்குள் ஆழத்தைக் கொண்டுவருவது இந்த மூன்று அழுத்தங்கள்தான். அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கலக்காதபடி ஓரடி இடமோ வலமோ நகர்ந்து பிரித்துவையுங்கள்.

6. லென்ஸும் திசையும்

பனி நாள் என்றதும் அகலக்கோண லென்ஸை மாட்டுவது வழக்கமான தவறு. அகலக்கோணத்தில் எல்லாம் சிறுத்து, வெறும் வெள்ளைதான் மிஞ்சும். 70 முதல் 200 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸோடு தொடங்குங்கள். அது ஒன்றிரண்டு வடிவங்களை மட்டும் வெட்டியெடுத்து, அடுக்குகளை நெருக்கிக் காட்டும். அகலக்கோணம் வேண்டுமென்றால், ஒரு மீட்டர் தூரத்திலேயே அழுத்தமான முன்னணி ஒன்று இருக்க வேண்டும்: ஈரப் பாறை, முள்வேலி, பனித்துளி கோத்த சிலந்தி வலை.

திசையைப் பொறுத்தவரை, ஒளி வரும் பக்கத்தைப் பார்த்து எடுங்கள். நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிப்பதால், சூரியனை நோக்கும்போது பனி ஒளிரும், மரங்கள் கருநிழலாகும். சூரியனை முதுகில் வைத்தால் காட்சி சோர்ந்து தெரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: பனி மெலிந்து, பின்னாலிருந்து வெயில் பட்டால் எதிரே நிறமே இல்லாத வெண்வில் ஒன்று தோன்றலாம். வானவில்லின் உடன்பிறப்பு அது. துளிகள் மிகச் சிறியவை என்பதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளுத்துவிடும். உங்கள் நிழல் நீளும் திசையில்தான் அதன் மையம். பார்த்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகலக்கோண லென்ஸை மாட்டுங்கள்.

7. எக்ஸ்போஷரைக் கேமராவிடம் விடாதீர்கள்

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியைக் காட்டினால் "வெளிச்சம் அதிகம்" என்று கருதிக் குறைத்துவிடும். அழுக்குத் துணி நிறத்தில் பனி வருவதற்கு இதுதான் காரணம்.

திருத்தம் எளிது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பை) கூட்டல் பக்கம் 0.7 முதல் 1.3 ஸ்டாப் வரை நகர்த்துங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு. ஆனால் மனப்பாடமாக வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சட்டத்தில் பாதிக்கு மேல் கரிய அடிமரம் நிறைந்தால் ஒளிமானி எதிர்ப்பக்கம் ஏமாறும்; அப்போது குறைக்க வேண்டியிருக்கும். விடியலுக்கு முந்தைய நீலநேரத்திலும் கூட்டக் கூடாது. அந்த நேரம் இருட்டாகத்தான் இருந்தது, படமும் அப்படியே இருக்கட்டும்.

எவ்வளவு என்பதை ஹிஸ்டோகிராம் சொல்லும்; இடப்பக்கம் கருமை, வலப்பக்கம் வெண்மை என்று படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம் அது. பனிப் படத்தில் அது குறுகிய ஒற்றைக் குன்றாக வரும். இரு முனைகளும் காலியாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பனியின் இயல்பு. குன்று நடுவுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும், வலது சுவரைத் தொடக் கூடாது. பின்திரையின் பிரகாசத்தை நம்பாதீர்கள், இருட்டில் எந்தப் படமும் அதில் வெளிச்சமாகத்தான் தெரியும்.

மற்ற அமைப்புகள்: ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8, டிரைபாடில் வைத்து இரண்டு வினாடி டைமர். ஷட்டர் வேகத்தைப் பனியின் அசைவு தீர்மானிக்கட்டும். நகரும் பனியின் சுருள்கள் தெரிய வேண்டுமென்றால் 1/60 வினாடிக்கு வேகமாக. தேவைப்பட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். 20, 30 வினாடி திறந்து வைத்தால் சுருள்கள் கரைந்து வழவழப்பாகும். நீர்ப்பரப்புக்கு அது பொருந்தும், மரக்கூட்டத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

ரா ஃபைலாகவே (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். மெல்ல மெல்ல மாறும் வெளிர்நிறங்கள் ஜேபெக்கில் பட்டை பட்டையாகப் பிரியும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகலொளியில் நிறுத்துங்கள். ஆட்டோ நீலத்தைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிடும்.

8. ஃபோகஸ்

ஆட்டோஃபோகஸுக்கு அழுத்தமான விளிம்பு வேண்டும். பனியில் அது கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அடிமரத்தின் விளிம்பில் வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் வளையத்தைத் திருப்புங்கள்.

பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். இங்கேதான் ஒரு கண்ணுக்குத் தெரியாத பொறி இருக்கிறது. லென்ஸைத் துடைக்கும்போது இடது கை ஃபோகஸ் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும், வளையம் மயிரிழை அளவு திரும்பிவிடும். அதற்குப் பிறகு எடுத்த எல்லாமே மங்கல். ஒரு முழுக் காலையை நான் இப்படி இழந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது முதல் ஆறு படங்கள் மட்டும் கூர்மை. ஒவ்வொரு முறை துடைத்த பிறகும் ஃபோகஸைத் திரும்பச் சரிபாருங்கள்.

9. லென்ஸில் படியும் ஈரம்

மிதக்கும் துளிகள் முன்கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கும். பார்ப்பது பனியா, லென்ஸின் ஈரமா என்று கண் பிரித்தறியாது, இரண்டுமே மங்கல்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைச் சாய்வாகப் பிடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். படம் எடுக்காத நேரத்தில் லென்ஸைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்.

வாயால் ஊதித் துடைப்பது பழக்கதோஷம். குளிரில் மூச்சே ஈரமாகப் படியும். காற்றடிக்கும் ரப்பர் குமிழைப் பயன்படுத்துங்கள். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகுங்கள்.

இடம் விட்டு இடம் போகும்போது கேமராவைச் சூடான வண்டிக்குள் வைக்காதீர்கள், ஹீட்டர் காற்று படாத பின்பெட்டியில் வையுங்கள். அடுத்த பகுதி சொல்லும் ஆபத்து சூடான வண்டிக்குள்ளேயே தொடங்கிவிடும்.

அப்புறம், உதயமானதும் பையைக் கட்டிவிடாதீர்கள். சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் பனி மெலிவதற்குப் பதில் தடிப்பது உண்டு. தரை லேசாகச் சூடேறி, புல்லின் ஈரம் கிளம்பி, காற்றும் அசையத் தொடங்குவதால். "இனி ஒன்றும் தெரியாது" என்று பலர் கிளம்பும் நேரம் அது. காத்திருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பனி கலையத் தொடங்கும்போது கிளைகளுக்கு நடுவே ஒளிக்கற்றைகள் இறங்கும். மரத்தின் உச்சி சூரியனை மறைக்கும்படி நின்றால் அவை தெளிவாகத் தெரியும். சில நிமிடங்களே நிற்கும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்து, தொடர்ந்து எடுங்கள்.

10. கேமராவை வீட்டுக்குள் கொண்டுபோகும் முறை

குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோனால், அறைக்காற்றின் ஈரம் அதன் மேல் வேர்த்துப் படியும். வெளியே படிவதைத் துடைக்கலாம். லென்ஸுக்குள்ளும் சென்சார் மேலும் படிவதை உங்களால் தொடவே முடியாது, நாளடைவில் பூஞ்சைக்கும் அது வழி.

வெளியில் இருக்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொள்ளுங்கள். வெளியீரத்தைத் துடைத்துவிட்டு, கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். பிறகு உள்ளே கொண்டுபோங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். இரண்டு மணி நேரமாவது திறக்காதீர்கள். படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறப்பவர்களுக்காகத்தான் கார்டை முதலிலேயே எடுக்கச் சொன்னேன்.

11. கணினியில் கைவைக்கும் வரிசை

முதலில் லென்ஸ் புரொஃபைலை (லென்ஸின் குறைகளைத் திருத்தும் மென்பொருள் அமைப்பை) போட்டு மூலைகளின் கருமையை நீக்குங்கள். ஒரே சீரான பனியில் அது உடனே கண்ணில் படும். அடுத்து தூசிப்புள்ளிகள். அதற்குப் பிறகுதான் நிறமும் அழுத்தமும்.

மங்கலை நீக்கித் தெளிவாக்கும் டீஹேஸ் ஸ்லைடரை முழுப்படத்துக்கும் இழுக்காதீர்கள். குளிரில் நின்று நீங்கள் தேடிச் சேர்த்த பனியைத்தான் அது அழிக்கிறது. ஆட்டோ பொத்தானும் அப்படியே: குறுகிய குன்றை இரு முனைக்கும் நீட்டி, எங்கும் இல்லாத கருமையைக் கொண்டுவரும்.

கிட்டே உள்ள அடுக்குக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதன் கருமையைச் சிறிது கூட்டுங்கள். நடு அடுக்கைப் பெரும்பாலும் தொட வேண்டியிருக்காது. தூரத்து மரவரிசை மங்கலாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தெளிவாக்கினால் மூன்று தூரங்களும் ஒரே தூரமாகிவிடும். நிறப்படிகளை நுணுக்கமாக வைத்திருக்கும் 16 பிட் அமைப்பிலேயே வேலை செய்யுங்கள். முடித்ததும் படத்தை அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் மூன்று அழுத்தங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் கோப்பைச் சேமித்து மூடலாம். தெரியவில்லை என்றால் முதல் அடுக்குக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.